பதில்: வண்டி ஓட்டும்போது கேட்க ஸ்டாண்ட்-அப் ஆடியோ
ஸ்டாண்ட்-அப் ஸ்பெஷல்களை, அதாவது ஒருவர் மேடையில் தனியாகச் செய்யும் நகைச்சுவையின் வீடியோ பதிவுகளை, வண்டியில் ஆடியோவாக மட்டும் கேட்டால், கூட்டம் எதற்குச் சிரிக்கிறது என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வீடியோவுக்காக எடுத்த நிகழ்ச்சியில் பல பஞ்ச் முகத்திலும் உடம்பிலும்தான் இருக்கும். ஆல்பமாகவே வந்தவற்றைப் பிடியுங்கள்.

முதலில் அமெரிக்க நகைச்சுவையாளர் பாப் நியூஹார்ட்டின் 'த பட்டன்-டவுன் மைண்ட் ஆஃப் பாப் நியூஹார்ட்' (1960). உரையாடலில் ஒரு பக்கத்தை மட்டும்தான் பேசுவார். எதிராளி என்ன சொன்னார் என்பதை நியூஹார்ட்டின் பதிலிலிருந்து நாமே ஊகிக்க வேண்டும். 'த டிரைவிங் இன்ஸ்ட்ரக்டர்' டிராக்கில் தொடங்குங்கள். கார் ஓட்டப் பழகுபவரின் குரல் கேட்கவே கேட்காது, ஆனால் கார் எங்கே போகிறது என்பது இன்ஸ்ட்ரக்டரின் பதற்றத்திலேயே தெரிந்துவிடும். நிதானமான பேச்சு, உச்சரிப்பும் தெளிவு.

அடுத்து ஜார்ஜ் கார்லினின் 'கிளாஸ் கிளவுன்' (1972). கடைசி டிராக் முழுக்கக் கெட்ட வார்த்தை, குழந்தைகள் வண்டியில் இருந்தால் வேண்டாம்.

மிட்ச் ஹெட்பர்க்கின் 'ஸ்ட்ராடஜிக் கிரில் லொக்கேஷன்ஸ்' (1999) எல்லாம் ஒற்றை வரி ஜோக்குகள், சிக்னலில் கவனம் சிதறினாலும் நஷ்டமில்லை.

ரிச்சர்ட் பிரையரின் 'லைவ் இன் கான்சர்ட்' (1979) மட்டும் வீட்டில் திரையில் பாருங்கள். மாரடைப்பு வந்ததை நடித்துக் காட்டும் இடத்தில் அவர் மேடையில் சரிவதைப் பார்க்காவிட்டால் பாதி போச்சு.

ஆப்பில் மௌனத்தை வெட்டும் வசதி, கிராஸ்ஃபேட் (ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது), ஷஃபிள் (வரிசையைக் கலைப்பது) மூன்றையும் அணைத்துவிடுங்கள். வேகமும் 1 தான். ஜோக்குக்கு முந்தைய இடைவெளியைச் செயலி தின்றுவிட்டால் ஹெட்பர்க் வெறும் வாக்கியப் பட்டியல்.