எக்ஸ்ரே குழாய்க்கும் படத்துக்குமான தூரம் 100 செ.மீ.யிலிருந்து 180 செ.மீ. ஆனால்: எம்ஏஎஸ் கூடுமா, குறையுமா?

கூடும். எம்ஏஎஸ் (mAs) என்பது குழாயின் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது; எவ்வளவு கதிர் வெளிவரும் என்பதை அது சொல்லும். 100 செ.மீ.க்கு 10 எம்ஏஎஸ் என்றால், 180 செ.மீ.க்கு அது 32.4 ஆக வேண்டும். நீங்கள் கணக்குப் போட்டு 3.1 வந்ததாகக் கேட்டிருந்தீர்கள்; அது தலைகீழ்.

வாய்பாட்டை மாற்றிப் போட்டிருப்பீர்கள். (100/180)² என்பது கதிர்ச் செறிவு எவ்வளவு குறையும் என்பதற்கு. அது சுமார் 0.31 ஆகிவிடுவதால், ஈடுகட்ட எம்ஏஎஸ்ஸை (180/100)², அதாவது 3.24ஆல் பெருக்க வேண்டும். முதல் செமஸ்டரில் நானும் இங்கே வழுக்கியவன்தான்.

நம்பிக்கை வரவில்லையா? இரவில் புளோக் கீழ்த்தளச் சுவரில் பாருங்கள். அட்டையில் சின்னச் சதுர ஓட்டை வெட்டி, கைப்பேசி டார்ச்சுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். இரண்டையும் சேர்த்தே பின்னுக்கு நகர்த்தி, சுவருக்கும் டார்ச்சுக்குமான தூரத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சச் சதுரத்தின் பக்கம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. அதே வெளிச்சம்தான், பரவி மங்கிவிடும்.

கேவிபி (kVp, குழாயின் மின்னழுத்தம்) மாறாதவரைதான் இந்தக் கணக்கு. தானியங்கி எக்ஸ்போஷர் கட்டுப்பாடு போட்டிருந்தால், போதுமான கதிர் வந்ததும் மெஷினே நிறுத்திக்கொள்ளும்.