மலையில் சிறுநீர்ப் பரிசோதனை: ஸ்ட்ரிப் பற்றிய கேள்வி பதில்

நீலகிரி ஆய்வகங்களில் பணிபுரிவோரும் மாணவர்களும் நோயாளிகளின் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு, உதகையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆய்வக நுட்புநராக இருக்கும் நான் பதில் எழுதுகிறேன். ஸ்ட்ரிப் என்பது சிறுநீரில் தோய்த்து நிறம் பார்க்கும் பட்டை; அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிறு கட்டம் இருக்கும்.

கேள்வி (கோத்தகிரி, ஆய்வக நுட்புநர்): மார்கழி, தை மாதக் காலைகளில் வரும் சில மாதிரிகளில் சர்க்கரை இல்லை என்று ஸ்ட்ரிப் காட்டுகிறது. அதே நோயாளியின் இரத்தச் சர்க்கரை 260 ஆக இருக்கிறது. ஸ்ட்ரிப் கெட்டுவிட்டதா?

பதில்: ஸ்ட்ரிப்பைச் சந்தேகிக்கும் முன் மாதிரி டப்பியைத் தொட்டுப் பாருங்கள். சர்க்கரைக் கட்டத்தில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் என்று இரண்டு நொதிகள் உள்ளன. முதல் நொதி குளுக்கோஸிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்க, இரண்டாவது நொதி அதைக் கொண்டு நிறத்தை மாற்றுகிறது. குளிரில் நொதிகள் மந்தமாகிவிடும். நாமோ முப்பதாவது விநாடியில் நிறத்தைப் பார்த்து எழுதிவிடுகிறோம்.

உறைபனி விழுந்த ஒரு காலையில் முதியவர் ஒருவர் பேருந்தில் கொண்டு வந்த டப்பி, கையில் எடுத்தபோது சில்லிட்டுக் கிடந்தது. அடியில் செங்கல் தூள் போன்ற இளஞ்சிவப்பு வண்டல் படிந்திருந்தது. அது குளிரில் பிரிந்த யூரேட் உப்பு. அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. முதல் ஸ்ட்ரிப்பில் சர்க்கரைக் கட்டம் சற்றும் மாறவில்லை. டப்பியை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நிறுத்தி, மெல்லக் கவிழ்த்துக் கலந்து, புதிய ஸ்ட்ரிப்பைத் தோய்த்தபோது கட்டம் பச்சையாகிப் பழுப்புக்குப் போனது. முதல் முடிவை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

மாதிரியை அறை வெப்பநிலைக்குக் கொண்டு வரச் சொல்கிறது கையேடு. ஆனால் நம் அறையே காலையில் 12 டிகிரியில் இருக்கும்போது, அந்த மேசையில் எவ்வளவு நேரம் வைத்தாலும் மாதிரி சூடாகாது. ஆகவே மேசையில் ஒரு வெப்பமானி வைத்துக்கொண்டு, மாதிரி 20 டிகிரியைத் தாண்டிய பிறகு சோதியுங்கள். மாதிரி எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் சோதனை முடிய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இன்னொன்றும் உண்டு: பலருக்கு இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும், சிறுநீர்ப்பையில் தேங்கிய சிறுநீர் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையையே காட்டும். அதனால் இரண்டு முடிவுகளும் எப்போதும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

கேள்வி (கூடலூர்): மழைக்காலத்தில் தோய்க்காத ஸ்ட்ரிப்பிலேயே, கிருமித் தொற்றைக் காட்டும் நைட்ரைட் கட்டம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. என்ன காரணம்?

பதில்: ஸ்ட்ரிப் டப்பா திறந்து கிடந்திருக்கிறது. ஈரக்காற்று பட்ட ஸ்ட்ரிப்பில் நைட்ரைட் கட்டம் பொய்யாக நிறம் காட்டும், மற்றக் கட்டங்களும் நம்பகத்தன்மை இழக்கும். தென்மேற்குப் பருவமழையில் மேகம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும் ஊர் நம்முடையது. ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு மூடியை இறுக்குங்கள்; உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எடுத்து எறியாதீர்கள். டப்பாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்துத் திறக்கும்போது உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். செலவைக் குறைக்க ஸ்ட்ரிப்பை நீளவாக்கில் நறுக்கும் பழக்கத்தைச் சில இடங்களில் கண்டிருக்கிறேன். அதை உடனே நிறுத்த வேண்டும். நிறம் மாறிய அந்த டப்பாவை எறிந்துவிடுங்கள்.

கேள்வி (குன்னூர், ஆய்வக நுட்பப் படிப்பு மாணவி): எல்லாக் கட்டங்களையும் ஒரே நிமிடத்தில் படித்தால் போதாதா?

பதில்: போதாது. பரவலாகப் பயன்படும் ஸ்ட்ரிப்பில் சர்க்கரைக்கு 30 விநாடி, கீட்டோனுக்கு 40, அடர்த்திக்கு 45, புரதத்துக்கும் இரத்தத்துக்கும் 60, வெள்ளணுவுக்கு 120 விநாடி. அவசரப்பட்டால் முதலில் தவறுவது வெள்ளணுதான். தோய்த்து உடனே எடுத்து, விளிம்பை டப்பியின் வாயில் இழுத்து வழித்து, படுக்கை வாட்டில் பிடியுங்கள். இல்லாவிட்டால் ஒரு கட்டத்தின் மருந்து அடுத்ததில் வழிந்து நிறம் குழம்பும். மூடுபனி நாளில் ஜன்னல் வெளிச்சத்தை நம்பாமல் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (உதகை, காய்கறி விவசாயி): பீட்ரூட் அறுவடை நாட்களில் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. இரத்தமா?

பதில்: பீட்ரூட் சாப்பிட்ட சிலருக்கு அப்படிப் போவதுண்டு. சிவந்த சிறுநீரில் இரத்தக் கட்டம் மாறாமல் இருந்தால் அது பெரும்பாலும் காய்கறி நிறமே. ஆனால் சிறுநீரின் நிறமே கட்டத்தின் நிறத்தை மறைக்கக்கூடும் என்பதால், இரண்டு நாள் பீட்ரூட்டை விட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் சிவப்பாக இருந்தால் மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி (பந்தலூர், கிராம சுகாதார செவிலியர்): பழங்குடி கிராமத்தில் ஒரு சிறுவனுக்கு, எப்போது பார்த்தாலும் சிறுநீர் அடர்த்தி 1.010 தான். இரவில் படுக்கையை நனைக்கிறான் என்று தாய் வருந்துகிறார். இதில் பொருள் உண்டா?

பதில்: உண்டு. கேட்டதற்கு மகிழ்ச்சி. இது அரிவாள் அணு நோயாக இருக்கலாம்; இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோய் அது. இந்தியாவில் அரிவாள் அணுக்கள் 1952 இல் முதலில் பதிவானதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அந்நோயில் சிறுநீரகத்தின் உட்பகுதி சேதமடைந்து, தண்ணீரை மிச்சப்படுத்திச் சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் குறைகிறது. அதனால்தான் இரவில் அதிகம் போகிறது. பையனைத் திட்டுவதில் பயனில்லை என்று தாயிடம் சொல்லுங்கள். ஒருநாள் தண்ணீர் குறைவாகக் குடித்த காலையிலும் அடர்த்தி 1.010 ஐ ஒட்டியே நின்றால் அது கவனிக்க வேண்டிய குறிப்பு. ஆனால் இதைச் சோதிப்பதற்காகத் தண்ணீரை நிறுத்தி வைக்கவே கூடாது, நீரிழப்பு அந்தப் பிள்ளைக்குக் கடும் வலியைக் கிளப்பிவிடும். ஸ்ட்ரிப்பால் நோயை உறுதி செய்ய முடியாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரிசிஸ் அல்லது எச்.பி.எல்.சி. சோதனைக்கு அனுப்புங்கள்.

கேள்வி (மஞ்சூர்): அப்பாவுக்கு இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சிறுநீரில் மட்டும் நான்கு பிளஸ் வருகிறது. ஆய்வகத்தில் தவறா?

பதில்: மருந்துச் சீட்டில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற பெயர் உள்ளதா பாருங்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதே அவற்றின் வேலை. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி (குன்னூர்): எரிச்சலும் காய்ச்சலும் இருக்கின்றன, நைட்ரைட் இல்லை என்று வந்தது. தொற்று இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. கிருமி நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றச் சிறுநீர், சிறுநீர்ப்பையில் நான்கு மணி நேரமாவது தங்க வேண்டும். சில கிருமிகள் மாற்றுவதே இல்லை. வைட்டமின் சி மாத்திரை நிறையச் சாப்பிட்டிருந்தாலும் நைட்ரைட்டும் சர்க்கரையும் இரத்தமும் இல்லாதது போலத் தெரியும். காலை முதல் சிறுநீரைக் கொடுத்து, கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கேளுங்கள்.

கேள்வி (உதகை, மாணவர்): சிறுநீரைக் கரைசலில் சூடாக்கிச் சர்க்கரை பார்க்கும் பெனடிக்ட் சோதனைக்கு இனி தேவை உண்டா?

பதில்: ஆல்ஃபிரட் ஃப்ரீ, ஹெலன் ஃப்ரீ இணையர் 1956 இல் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்பைக் கொண்டு வந்த பிறகு அன்றாடத் தேவை குறைந்துவிட்டது. ஆனால் ஸ்ட்ரிப் குளுக்கோஸை மட்டுமே காணும். பால் குடித்ததும் வாந்தியெடுத்து மஞ்சள் பூத்த பச்சிளங்குழந்தையின் சிறுநீரில் காலக்டோஸ் என்ற வேறு சர்க்கரை இருந்தால், ஸ்ட்ரிப் பேசாமல் இருக்கும். பெனடிக்ட் கரைசல் நிறம் மாறும். 5 மில்லி கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விடுங்கள். உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், கொதிநீரில் வைக்கும் நேரத்தைச் சற்றுக் கூட்டி, சர்க்கரை கலந்த நீரையும் வெறும் நீரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே முடிவை எழுதுங்கள்.