பைன் காட்டில் பார்த்த காளான்கள் என்ன வகை?

ஊட்டிப் பக்கம் பைன் மரத்தடியில் பார்த்த இரண்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்: வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புக் குடை ஒன்று, வழவழப்பான பழுப்புக் குடை ஒன்று.

சிவப்பு பெரும்பாலும் அமானிட்டா மஸ்காரியா. நச்சுக் காளான். புள்ளிகளை மட்டும் நம்பாதீர்கள். அவை மேலே ஒட்டியிருக்கும் துணுக்குகள்தான், கனமழையில் கழுவிப் போய்விடும். குடைக்கு அடியில் வெள்ளை மடிப்புகள், காம்பில் வளையம், மண்ணுக்குள் உருண்டு பருத்த அடி, இவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால் காம்பை ஒடிக்காமல் கத்தியால் அடியோடு கெல்லி எடுங்கள். படம் அனுப்புகிறவர்கள் பலர் மேலே மட்டும்தான் படம் எடுக்கிறார்கள்!

பழுப்பைத் திருப்பிப் பாருங்கள். மடிப்புக்குப் பதில் மஞ்சள் பஞ்சு போல நுண்துளைகள் இருந்தால் அது சூயில்லஸ் என்ற காளான் வகை. இரண்டுமே மரவேரோடு கூட்டு வாழ்க்கை நடத்துபவை. வெளிநாட்டு மரங்களோடு நம் மலைக்கு வந்தவை. படத்தை வைத்து யாராவது, நான் உட்பட, ‘சாப்பிடலாம்’ என்றால் கேட்காதீர்கள்.

இன்னும் உறுதி வேண்டுமா? குடையை அடிப்பக்கம் தாளில் படும்படி வைத்துக் கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விடுங்கள். அடியிலிருந்து வித்துத்தூள் தாளில் உதிரும். அமானிட்டாவின் வித்துத்தூள் வெள்ளை, சூயில்லஸுக்குப் பழுப்பு. பாதி கறுப்பு, பாதி வெள்ளைத் தாளாக இருக்கட்டும். வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது.