பதில்: நன்றாக ஆடும் பையனை உட்கார வைக்கலாமா?

வணக்கம் அண்ணே. உங்கள் செந்தூல் கால்பந்து அணிப் பையன்கள் 6-0 தோற்றதும், பந்தை யாருக்கும் தராத உங்கள் கோல் மன்னனை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பதினான்கு வயதில் அவனுக்குக் கோபம்தான் மிஞ்சும்.

பயிற்சியை மாற்றுங்கள். நான்கு பேர் வட்டமாக நிற்கட்டும், நடுவில் இருவர் பந்தைப் பறிக்கட்டும். ஒருவர் இரண்டு முறைதான் பந்தைத் தொடலாம். நெதர்லாந்தின் பழைய நட்சத்திர ஆட்டக்காரர் யோகான் குரைஃப் 1988இல் பார்சிலோனா அணியின் பயிற்றுநரானபோது, ரொண்டோ எனப்படும் இந்தப் பயிற்சிக்குத்தான் பெரிய இடம் கொடுத்தார். பந்தைப் பிடித்து வைத்துப் பறிகொடுத்தால் உங்கள் பையனே நடுவில் போய் ஓட வேண்டும்; நீங்கள் திட்டவே தேவையில்லை. பந்து வருமுன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறானா என்று மட்டும் கவனியுங்கள். பார்க்க ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் எதிரணி கோல் பக்கத்தில் அவனை அவன் போக்கில் விடுங்கள். தனியாக வெட்டி ஓடுவதுதான் அவன் சொத்து, அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஆறு கோல் பெரிய விஷயமே இல்லை. தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ணத்தில், 2010இல், பயிற்றுநர் ராஜகோபாலின் மலேசிய அணி முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 5-1 என வாங்கிக் கட்டிக்கொண்டது. இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் அதே இந்தோனேசியாவை நம் புக்கிட் ஜாலில் அரங்கில் 3-0 என அடித்தது, கிண்ணமும் நமக்கே வந்தது.

அப்புறம், கோட்டோரம் நின்று கத்தும் அப்பாமார்களைத் திடலின் எதிர்ப்பக்கம் அனுப்புங்கள். சண்டை வேண்டாம், ஆளுக்கொரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுத்தே பேசிப் பாருங்கள்.