மறு: காற்று பின்னால் தள்ளும்போது ஜெட்டியில் மோதாமல் படகை நிறுத்துவது

தம்பி, பொல்கொட ஏரியில் பின்னேரம் ஜெட்டிக்கு வரும்போது, பாய்க்கயிற்றைத் தளர்த்தியும் வேகம் குறையாமல் படகு போய் மோதுகிறது என்று கேட்டிருந்தீர்கள். கொழும்புப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. உங்கள் ஜெட்டியோ கிழக்குக் கரையிலிருந்து மேற்கே நீண்டிருக்கிறது, அதை நோக்கி வரும்போது காற்று முதுகுப் பக்கம்தான். பெரிய பாயை எவ்வளவு விட்டாலும் அதன் அடிக்கட்டை (பாயின் கீழ்விளிம்பைத் தாங்கும் கட்டை) பாய்மரத்தின் பக்கக் கம்பியில் முட்டி நின்றுவிடும். பாய் படபடக்காது, காற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே கரைக்கு நல்ல தூரத்திலேயே படகைக் காற்றுக்கு எதிரே திருப்பி, பெரிய பாயை முழுதாக இறக்கிக் கட்டிவிடுங்கள். அப்புறம் முன்பாயோடு மட்டும் வாருங்கள். அதன் கயிற்றை விட்டால் அது கொடி மாதிரி முன்னால் பறக்கும், அவ்வளவாக இழுக்காது. கடைசி சில படகு நீளத்துக்கு வெறும் பாய்மரத்தில் படும் காற்றே போதும். சுக்கான் சொன்னபடி கேட்கும் அளவுக்கு வேகம் இருந்தால் சரி.

ஜெட்டியின் வடபக்கம் திரும்ப இடமும் ஆழமும் இருந்தால் இன்னும் நல்லது. அங்கே பெரிய பாயை இறக்காமலே வந்து, அணியத்தை (படகின் முன்முனையை) மேற்கே திருப்பி இரண்டு பாய்களின் கயிறுகளையும் விட்டால் படகு தானே ஓய்ந்துவிடும்.

பின்காற்றில் வந்தால் முதலில் பின்பக்கக் கயிற்றைக் கட்டுங்கள், அதுதான் படகைப் பிடித்து நிறுத்தும். தயவுசெய்து காலை நீட்டித் தடுக்காதீர்கள், எலும்பு முறியும். உங்கள் படகில் முன்பாய் இல்லையென்றால் எழுதுங்கள்.