ஐந்து லட்சம் பேர் வாழும் கேப் வெர்டே, கால்பந்து உலகக் கோப்பை வரை எப்படி வந்தது?

ஒரே இரவில் வந்துவிடவில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் உள்ள இந்தத் தீவுகள் போர்ச்சுகலிடமிருந்து 1975-இல் விடுதலை பெற்றன. ஃபிஃபாவில் சேர்ந்தது 1986-இல். 2012-இல் தகுதிச் சுற்றில் பலமான கேமரூனையே வெளியேற்றி, 2013 ஆப்பிரிக்கக் கோப்பையில் முதன்முறையாக ஆடி, காலிறுதி வரை போனார்கள். அப்போதைய பயிற்சியாளர் லூசியோ அன்டூனெஸ், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்!

அதே 2013-இல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் துனிசியாவை 2-0 என வென்றும், தடையில் இருந்த வீரரை இறக்கியதால் அந்த வெற்றி பறிபோனது. உலகக் கோப்பைக் கனவும் அதோடு போச்சு. இன்றும் நினைத்தால் மனசு வலிக்கிறது.

சரி, ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் பெரும்பலம். டப்ளினில் பிறந்த ராபர்ட்டோ லோபஸை லிங்க்ட்இன்னில் அழைத்தார்கள். போர்ச்சுகீஸில் வந்த அந்தச் செய்தியை அவர் வெற்று விளம்பரம் என்று விட்டுவிட்டார். சில மாதம் கழித்து மீண்டும் கேட்டபோதுதான் மொழிபெயர்த்துப் பார்த்தார்!

2025 அக்டோபர் 13, தலைநகர் பிராயா. ஆப்பிரிக்க நாடான எஸ்வாத்தினியுடன் தகுதிச் சுற்று ஆட்டம்; இடைவேளை வரை கோலே இல்லை. அப்புறம் லிவ்ரமென்டோ, செமெடோ, கடைசியில் மூத்த வீரர் ஸ்டோபிரா என மூன்று கோல்கள். 2026 உலகக் கோப்பைக்கு இடம் உறுதியானது.