மூலைக் கட்டிட வங்கி

அன்புள்ள ஐயா,

புதுச்சேரி பாரதி பூங்கா அருகே யூகோ வங்கி இருக்கும் பழைய பிரெஞ்சுக் கட்டிடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கடலூரிலும் எங்கள் பக்கம் ஒரு தெருமுனையில் பழைய வங்கிக் கட்டிடம் உண்டு. இப்போது மூலை வாசலை அடைத்து ஏடிஎம் வைத்துவிட்டார்கள். வங்கிக்கு எதற்குத் தூணும் வளைவும், வெறும் ஜம்பம்தானே என்கிறார் நண்பர். அப்படித்தானா?

ர., மஞ்சக்குப்பம்

அன்புள்ள ர.,

ஜம்பம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. 1906இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி திவாலாகி, பணம் போட்டவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள் (அடுத்த வருடமே இந்தியன் வங்கி பிறந்ததற்கு அந்த அடிதான் காரணம்). டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் வந்ததே 1962இல், அதுவும் முதலில் ஆளுக்கு 1,500 ரூபாய் வரைக்கும்தான். அதுவரை ஒருவன் எதைப் பார்த்து நம்பிப் பணம் போடுவான்? சுவரைப் பார்த்துத்தான். இவ்வளவு செலவு பண்ணிக் கட்டியவன் ராத்திரியோடு ராத்திரியாக ஓடமாட்டான் என்று தோன்ற வேண்டும்.

புதுச்சேரிக் கட்டிடத்தில் இருந்தது இந்தோசீனா வங்கி. 1875இல் பாரிஸில் தொடங்கிய தனியார் வங்கி, ஆனால் பிரெஞ்சிந்தியாவின் ரூபாய் நோட்டை வெளியிட்டதே அதுதான். நோட்டு அடிக்கிறவனுக்கு ஜம்பம் இன்னும் கொஞ்சம் கூடவே தேவை.

மூலை மனைக்கு வேறு லாபங்களும் உண்டு. இரண்டு தெருவிலிருந்தும் கண்ணில் படும், மின்விளக்கும் விசிறியும் இல்லாத காலத்தில் பேரேடு எழுதுகிறவருக்கு இரண்டு பக்க ஜன்னலிலிருந்தும் வெளிச்சமும் காற்றும் கிடைக்கும், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர் குறைவு என்பதால் கன்னம் வைக்கிறவனுக்கும் வேலை கஷ்டம். முனையைச் சரித்து வெட்டி அங்கே கதவு வைத்தால் இரண்டு தெருக்காரர்களுக்கும் அதுவே தலைவாசல். உள்ளே கூடமும் பெரும்பாலும் அந்த வாசலைப் பார்த்துத்தான் அமைந்திருக்கும், அதனால் அதை அடைத்ததும் ஜனங்கள் பக்கவாட்டு இடுக்கு வழியாக நுழைந்து எந்தக் கவுண்டர் எங்கே என்று திணறுகிறார்கள்.

சரி, ஏடிஎம் கூண்டின் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை, என்றைக்கு வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். என் பயமெல்லாம் சிமெண்ட்தான். சுண்ணாம்புச் சுவர் தரை ஈரத்தை இழுத்து வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்டும் அடித்தால் ஈரம் போக வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். அடுத்த முறை போகும்போது முழங்கால் உயரத்தில் பாருங்கள், பெயின்ட் கொப்புளம் மாதிரி உப்பியிருந்தால் விரலால் தட்டுங்கள், வெள்ளையாகப் பொடி கொட்டும். உப்பு. கடற்கரை ஊரில் இது இன்னும் வேகம். உடனே 'பழசு, தாங்காது' என்று இன்னொரு கோட் சிமெண்ட் பூசுவார்கள், அப்புறம் உள்ளே செங்கல்லே உதிர ஆரம்பிக்கும்.

உங்கள் நண்பரோடு தூணைப் பற்றி வாதாடுவதை விட்டுவிட்டு, அடுத்த மராமத்து டெண்டர் வருவதற்குள் மேனேஜரிடம் ஒரு மனு கொடுங்கள். பூச்சுக்குச் சுண்ணாம்பு என்று டெண்டரில் எழுதியிருக்க வேண்டும், அது போதும்.